பன்னிரண்டாவது வீட்டின் முறை

நான் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலையில் நெருஞ்சி முள் தைத்தது என் காலில், கத்தியது எங்கள் வீதி முதல் வீட்டு ஈஸ்வரி. தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் வாசல் வரை நொண்டி வந்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அங்கே முள்ளும் இல்லை, ரத்தமும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை என்று கண்டுவிட்டு, அடுப்பில் தோசை தீயும் வாசனைக்குத் திரும்பிப் போனாள். அவள் போட்ட சத்தம் நான் ஓடிக்கொண்டிருந்த கோயில் திடல் வரை கேட்டது. நான் நின்று என் காலைப் பார்த்தேன். வலது குதிகாலில் முள் இருந்தது. பிடுங்கிப் போட்டேன். அங்கே ஈஸ்வரிக்கு வலி நின்றது.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். கால் எப்போது மரத்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அர்த்தநாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாடாக்கட்டிலில் சாய்ந்து அப்படியே போய்ச் சேர்ந்த அன்றைக்கு, பெண்டுகள் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அழவில்லை. கல்லாட்டம் ஒக்காந்திருக்கறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கா, அதற்கு முந்தியா, காரியம் முடிந்து தறிக்கூடத்துக்கு நூல்தார் சுற்றத் திரும்பிப் போன அன்றைக்கா, எப்போது என்று தெரியாது. ஒரு நாள் செருப்பு கழன்றதே தெரியாமல் கடைவீதி வரை போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு நைலான் நூலை என் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அவர் கை அசைவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றேன். அவர் ஒரு தடவை நூலால் தொடாமலே கேட்டார். அப்போதும் தெரியுதுங்க என்றேன்.

என் பயமெல்லாம் என் அக்கா ருக்குமணியைப் பார்த்து வந்த பயம். ஈரோட்டில் இருக்கிறாள். செருப்பில் ஏறிய ஆணியோடு இரண்டு நாள் நடந்தாள், வலிக்கவில்லை. புண்ணாகி, கறுத்து, முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இப்போது கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸில் நான் என் கால்களை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர் சண்டைக்கு வந்தார்.

மெதுவாக ஓடலாம், ரத்த ஓட்டம் வரும், ஆனால் ஷூ இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் கோகிலா ஊதா நிற ஷூ ஒன்றும், போனில் ஒரு அட்டவணையும் அனுப்பினாள். ஒரு நிமிடம் ஓட வேண்டும், இரண்டு நிமிடம் நடக்க வேண்டும், இப்படி எட்டுத் தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிகிற கணக்குதான். ஆனால் எங்கள் ஊரில் ஓடுவதற்கு இருக்கிற ஒரே இடம் மாரியம்மன் கோயில் திடல். ஆத்தாளுக்கு முன்னால் செருப்புக் காலோடு யாரும் நடந்ததில்லை, பஞ்சாயத்துத் தலைவர்கூட வேப்பமரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் வருவார். நானும் மரத்தடியில் ஊதா ஷூவைக் கழற்றி வைத்து, ஆத்தாளைக் கும்பிட்டு, வெறுங்காலோடு ஓடினேன். டாக்டர் சொன்னது டாக்டருக்கு, சாமிக்குள்ளது சாமிக்கு என்று நினைத்தேன்.

இரண்டாவது நாள் ஓட்டத்தில் இரண்டாம் வீட்டுப் பழனியப்பனுக்குத் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கால் கூசி, சிரித்துச் சிரித்து இழை அறுந்துபோயிற்று. நான் அப்போது திடலோரத்துக் கோரைப்புல்லின் மேல் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது ஓட்டம் மூன்றாம் வீடு, நான்காவது நான்காம் வீடு. நான் வேப்பமரத்தை விட்டுப் புறப்படும்போது வரும், ஓட்டத்தை முடித்து மரத்தடிக்குத் திரும்பும்போது போகும். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அடுப்படிக்கு அருகில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான். வீதிக்குள் நுழைந்து வரிசையாக வீடு வீடாகப் போகிறது என்று ஐந்தாவது நாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் வீதிக்கு முறை புதிதில்லை. குழாய்த் தண்ணீர் எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும், மார்கழியில் கோயில் விளக்கு முறை வைத்துத்தான் போடுவோம், சாக்கடை அடைத்தால் யார் வீட்டு முறை என்றுதான் முதலில் கேட்போம். அதனால் இது எப்படி, இது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு யார் முறை என்று மட்டும் கேட்டார்கள். முறைக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே விளக்குமாறும் கூடையுமாகத் திடலுக்குப் போய்க் கல் பொறுக்கினார்கள், முள் பிடுங்கினார்கள், தேர்முட்டியில் உட்கார்ந்து பாட்டில் உடைக்கிறவர்களை விரட்டினார்கள். முப்பது வருடமாகப் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தும் சுத்தமாகாத திடல் மூன்று வாரத்தில் அரிசி உலர்த்தலாம் போல் ஆயிற்று.

குறை சொல்லவும் செய்தார்கள். "ஓடறதுதான் ஓடறீங்க, சித்தெ நெழலாப் பாத்து ஓடக் கூடாதுங்களாக்கா? எனக்கு உள்ளங்கால் வெந்துபோச்சு" என்றாள் ஏழாம் வீட்டுக்காரி. "எட்டுத் தடவைன்னு ஆரு சொன்னது, ஆறோட நிறுத்திக்கங்க, எங்க ஊட்ல இன்னைக்கு விருந்தாளி" என்றார் எட்டாம் வீட்டுக்காரர். நான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினேன். பிறத்தியார் காலை வாங்கி ஓடுகிற மாதிரி இருந்தது. அடியெடுத்து வைக்குமுன் பத்துத் தடவை கீழே பார்ப்பேன், அப்படியும் யாருக்காவது நொந்துவிடும்.

பதினோராம் வீட்டில் நாச்சிமுத்து இருக்கிறார். பஸ் ஓட்டினவர், முதுகில் அடிபட்டு நாலு வருடமாக இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவர் முறை வந்த அன்றைக்கு அவர் வீட்டுக்காரி கட்டிலை அடுப்படிக்கே இழுத்துப் போட்டுவிட்டாள். நான் ஓடி முடித்துப் போனபோது அவர் மேல்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நாலாவது சுத்துல கோழியிறகு ஒண்ணு மிதிச்சீங்க" என்றார்.

"அப்படீங்களா?"

"மெத்துனு இருந்துதுங்க. அப்புறம் அண்டா தேய்ச்ச தண்ணி ஊத்தின எடம், சில்லுனு. அப்புறம் வேப்பங்கொட்டை. நீங்க அதைய ரெண்டு தடவை மிதிச்சீங்க."

"நொந்துதுங்களா?"

"நொந்துது நொந்துது" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். "அடுத்த முறை எப்போ வருமுங்க?"

நான் மிதித்ததை எல்லாம் இப்படித்தான் மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மண் எப்படி இருந்தது, வெயில் எப்படி இருந்தது என்று வாசல் வாசலாக நின்று கேட்டுக்கொண்டு, யாருக்கோ நடந்ததைப் போலத் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எனக்கு ஆசையும் இல்லை, பொறாமையும் இல்லை. காலில் புண் இல்லாமல் வந்தோமா என்பது ஒன்றுதான். அதற்கும் ஈஸ்வரிதான் வழி வைத்திருந்தாள், முறைக்காரர் யாராக இருந்தாலும் சுருக்கென்று தைத்தால் உடனே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும், நான் நின்று பார்த்துக்கொள்வேன். பதினோரு வீட்டுக்கும் என் கால் இரண்டைக் காப்பாற்றுகிற வேலை வந்துவிட்டது.

எங்கள் வீதியில் பன்னிரண்டு வீடு, கடைசி வீடு என்னுடையது. ஆனால் கோயில் சுவரில் விளக்கு முறைக்கு எழுதியிருப்பது பதினோரு பேர். பன்னிரண்டாவது பேர் அர்த்தநாரி என்று இருந்தது, அவர் போனதும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தீட்டு கழிய ஒரு வருடம் ஆகட்டும் என்றார்கள். வருடம் ஆனது. ஒற்றைப் பொம்பளை இருக்கிற வீட்டைத் தலைக்கட்டில் சேர்க்கிற வழக்கம் இல்லை என்றார் கோயில் தலைவர் ராசப்பன், கோபமாகச் சொல்லவில்லை, மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். நானும் சரிங்க என்றேன்.

அதனால் பன்னிரண்டாவது ஓட்டத்துக்கு முறை திரும்ப முதல் வீட்டுக்குத்தான் வரும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள், நானும் அப்படியே எண்ணினேன். ஈஸ்வரி முந்தின நாள் திடலைக் கூட்டினாள். காலையில் அடுப்படியில் மணைப்பலகை போட்டு, கால் இரண்டையும் நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எட்டுத் தடவையும் ஓடினேன், நடந்தேன். போன் வரவில்லை. எதையும் மிதிக்கவில்லை போல என்று நினைத்து, மரத்தடியில் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணுமே வரலீங்கக்கா" என்றாள் ஈஸ்வரி. "மண்ணும் தெரியல, மசுரும் தெரியல. நின்னுபோச்சாட்ட இருக்குது."

வீதியே வாசலுக்கு வந்து அதைக் கேட்டது. நல்லதாப் போச்சு என்று சிலர் சொன்னார்கள். நாச்சிமுத்து வீட்டுக்காரி மட்டும் உள்ளே போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது சமையல்கட்டு அலமாரியிலிருந்த பாத்திரம் எல்லாம் கீழே உருண்டு கிடந்தது, சுவரில் குதிகால் உயரத்துக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது. பூனை வேலை என்று எடுத்து அடுக்கிவிட்டு, தறிக்கூடத்துக்குப் போய், சாயங்காலம் வரை தார் சுற்றினேன். கணக்குப்பிள்ளைதான், "ஏனுங்கம்மா, தரையெல்லாம் என்னது சிவப்பா?" என்று கேட்டார். வாசலில் தொடங்கி நான் உட்கார்ந்திருந்த பலகை வரை வலது கால் தடம் மட்டும் வரிசையாக இருந்தது. கோயில் நோம்பிக்குத் திடலில் போட்ட பந்தலில் அடித்த ஆணி ஒன்று, வளைந்தது, பெருவிரலுக்குக் கீழே கொண்டை வரை ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, "இது ஆறிடும். இன்னொரு காயம் பட்டா விரலை எடுக்கணும். அப்புறம் எது எதை எடுக்கணும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். நான் அக்காவை நினைத்தேன். நினைத்தபோது அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

ஐம்பத்திரண்டு நாள் ஓடவில்லை. திடலில் புல் முளைத்தது. அந்த நாட்களில்தான் ஈஸ்வரி ஒரு மத்தியானம் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அர்த்தநாரி போனதற்குப் பிறகு அவள் அந்தப் படியைத் தாண்டினதில்லை, அன்றைக்கும் தாண்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, சுவரில் விரிசலைக் கண்டு, அலமாரி விழுந்ததைக் கேட்டு, கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினாள்.

"அக்கா, அது நிக்கலீங்க. அன்னைக்கு உங்கூட்டு முறை."

"எங்கூடுதான் கணக்குலயே இல்லையே, ஈஸ்வரி."

"நம்ம கணக்குல இல்ல. அதோட கணக்குல இருக்குது." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வந்துது, பாத்துது. ஊட்ல ஆளில்ல. நீங்கதான் திடல்ல ஓடிட்டு இருக்கறீங்களே. ஊடு பூட்டியிருந்தா சிலிண்டர்காரன் என்ன பண்ணுவான்? வாசல்ல வெச்சிட்டா போவான்? வந்த நோவு செவுத்தை ஒரு ஒதை ஒதைச்சுட்டுத் திரும்பிப் போயிருச்சு."

அது சரியாகத்தான் இருந்தது. இப்படி ஒரு தப்பு எங்கள் வீதியில்தான் நடக்கும் என்று எனக்கே தோன்றியது, சாமி எண்ணின வீட்டை நாங்கள் எண்ணாமல் விட்டிருந்தோம்.

வீதி கூடிப் பேசியது. முதலில் ஷூவுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று ஆத்தாளிடம் பூக் கேட்டார்கள். வெள்ளை விழுந்தால் வெறுங்கால், சிவப்பு விழுந்தால் ஷூ என்று இரண்டு பூவை ஆத்தாள் தோளில் ஒட்டி வைத்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் இரண்டும் அசையவில்லை. "ஆத்தாளும் ஷூவை இப்பத்தான் பாக்கறா, யோசிக்க வேண்டாமா" என்றான் பழனியப்பன். எல்லாரும் சிரித்தார்கள், சிவப்பு விழுந்தது. ராசப்பன் சுவரிலிருந்த பதினோரு பேரையும், அதற்குக் கீழே சுண்ணாம்பு அடித்த வெள்ளை இடத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நகத்தால் சுண்ணாம்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார்.

அடுத்த பேச்சு என் வீட்டு முறையைப் பற்றி. அன்றைக்கு மட்டும் ஓடாமல் இருந்துவிடுகிறேன் என்றேன். ஓடாவிட்டால் முறை நகராது, என் வாசலிலேயே நின்றுவிடும், தங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்று நாச்சிமுத்து வீட்டுக்காரி கேட்டாள். வேறு யாராவது என் வீட்டில் உட்காரலாம் என்றார்கள். யார் என்றபோது ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"எதுக்குங்க ஆளு?" என்றாள் ஈஸ்வரி. "இவங்க ஊட்டுக்குள்ளயே ஓடட்டும். ஓடறவளும் அங்கதான், ஊட்டுக்காரியும் அங்கதான். எங்க போயிரும் அது?"

ஷூ போட்டுக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினேன். முதல் வீட்டிலிருந்து பதினோராம் வீடு வரை ஒருவருக்கும் பெரிய நோவில்லை, ஷூ கொஞ்சம் கடிக்கிறது என்றார்கள், நாச்சிமுத்துக்கு மட்டும் வருத்தம். "ரப்பர்தானுங்க தெரியுது. பழைய மாதிரி இல்ல" என்றார். அவருக்காக அன்றைக்குக் கடைசிச் சுற்றில் கோரைப்புல்லின் மேல் கொஞ்சம் அழுத்தி நடந்தேன்.

பன்னிரண்டாவது நாள் வந்தது. ஈஸ்வரி திடலுக்குப் போய் வேப்பங்கொத்து ஒன்று ஒடித்து வந்து என் வாசல் நிலையில் செருகினாள், அது மரத்தடியிலிருந்து புறப்பட்ட கணக்காகட்டும் என்றாள். வீடு கூட்டித் துடைத்த வீடு, ஷூ வேண்டாம், வெறுங்காலோடு ஓடுங்கள், இங்கே பட்டால்தானே தெரியும் என்றாள். நான் முந்தின நாளே மூன்று தடவை கூட்டியிருந்தேன். வாசற்படியிலிருந்து புழக்கடைக் கதவு வரை ஒன்பது அடி வைக்கலாம். நடுவில் அவருடைய நாடாக்கட்டில்.

பதினேழு மாதமாக அதை நான் நகர்த்தவில்லை. அதைச் சுற்றித்தான் அடுப்படிக்குப் போவேன், அதைச் சுற்றித்தான் கூட்டுவேன். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கால்நகம் வெட்டுவது அவருக்குப் பழக்கம். ஊட்டுக்குள்ள நகம் வெட்டாதீங்க, தரித்திரம், வாசலுக்குப் போங்க என்று இருபத்தாறு வருடம் கத்தியிருக்கிறேன். "என்ர நகம் உனக்கு என்ன பண்ணுது, பேசாம இரு" என்பார், வெட்டியதை விரலால் சுண்டிவிடுவார், எங்கே விழுந்தது என்று பார்க்க மாட்டார். நான் முனகிக்கொண்டே தேடிப் பொறுக்குவேன்.

கட்டிலைச் சுற்றி ஓட முடியாது, திரும்பித் திரும்பித் தலை சுற்றும். ஒரு முனையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தேன். கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது, கட்டில் அளவுக்கு ஒரு புழுதி. கூட்டிவிட்டு ஓடலாம் என்று குனிந்தேன்.

"அக்கா, மணி ஆச்சு, நான் எண்ண ஆரம்பிச்சுட்டேன்!" என்று வாசலில் இருந்து ஈஸ்வரி குரல் கொடுத்தாள். போனில் நிமிடம் பார்க்கிற வேலை அவளுடையது. அவளுக்குப் பின்னால் பழனியப்பன் நின்றான், ராசப்பன் நின்றார், சைக்கிள் வண்டியில் வைத்து நாச்சிமுத்தைக்கூடத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாரும் படிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். விளக்குமாற்றை வைத்துவிட்டு ஓடினேன்.

வாசலிலிருந்து புழக்கடை, புழக்கடையிலிருந்து வாசல். ஒன்பது அடி, திரும்ப ஒன்பது அடி. ஒன்றும் இல்லை. காலுக்குக் கீழே வழக்கம் போல யாருடைய தரையோ இருந்தது. முறை வரவில்லை, இந்த வீடு பூட்டியே இருக்கிறது, இனி இப்படியே இருக்கும், ஒரு நாள் விரலை எடுப்பார்கள், அப்புறம் எது எதையோ எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். புழுதியை மிதித்தேன். திரும்பி வந்து மறுபடி மிதித்தேன். பாதம் சில்லென்றது.

நின்றுவிட்டேனா என்று பார்த்தேன், நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தேன். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு இரண்டு பாதத்திலும் இருந்தது, அதன் மேல் புழுதி பவுடர் மாதிரி வழுக்கியது. கட்டில் கால் தேய்த்த பள்ளம் ஒன்று, விளிம்போடு. அடுத்த அடியில் சுருக்கென்று ஏதோ ஏறியது. வலது கால், பெருவிரலுக்குக் கீழே, ஆறின காயத்துக்கு ஒட்டினாற்போல.

"ஆத்தா!" என்று கத்திவிட்டேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை, தோல் கிழியவில்லை. பிறை மாதிரி வளைந்து, மஞ்சளேறி, கெட்டியாக, அவருடைய கால்நகத் துண்டு ஒன்று தோலில் குத்தி நின்றது. பதினேழு மாதமாக என் கைக்கு அகப்படாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எடுத்த பிறகும் அந்த இடம் நொந்தது. அங்கிருந்து கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது, அதற்கு மேலும் ஏறியது, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈஸ்வரி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் வாசலிலிருந்து, "என்ன மிதிச்சாங்க, என்ன மிதிச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னுங்கக்கா, நோவுதா?" என்று ஈஸ்வரி என் பாதத்தைக் கையில் எடுத்தாள். அவள் விரல் சூடாக இருந்தது.

தெரியுதுங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"நோவுது, ஈஸ்வரி" என்றேன். "ரொம்ப நோவுது."

அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். போனைப் பார்த்தாள்.

"ஒரு நிமிசம் ஆயிருச்சு" என்றாள். "எந்திரிங்க. ரெண்டு நிமிசம் நடக்கோணும்."